ஆறு வருஷத்தில் வரப்போகிற மெஷின்

...ஆறு வருஷம், ஆறென்றால் மூன்று தலைமுறை சிப், அதற்குள் வீட்டு மேசையில் இருக்கிற பெட்டியே இன்றைக்குப் படக் கொம்பனிகள் அறை நிறைய வைத்திருக்கிற இயந்திரங்களுக்குச் சமமாகிவிடும், விளையாட்டில் ஒரு பனங்கூடலைக் காட்டினால் ஒவ்வொரு ஓலையும் தனித்தனியாக அசையும், ஓலைக்குள்ளால் விழுகிற வெயிலைக்கூட அந்தந்த நொடியிலேயே கணித்துக்கொள்ளும், கொடிகாமத்தில் என் கடைக்குக் கம்பியூட்டர் வாங்க வருகிறவர்களுக்கெல்லாம் இதைத்தானே சொல்கிறேன், அவசரப்படாதேங்கோ, அடுத்தது வரட்டும்... டொக்டரும் என் கண்ணுக்கு ஆறு வருஷம் என்றுதான் சொன்னார், கூடினால் ஏழு. அதற்குப் பிறகு எனக்கு எந்தத் திரையும் ஒன்றுதான். ஓலை அசைகிற காலத்தில் ஓலையே தெரியாது. சிரிப்பு வருகிறது, சிரித்தால் குசினிக்குள் சமைத்துக்கொண்டிருக்கிற உதயகலா என்னவென்று கேட்பாள், அவளுக்கு இன்னும் சொல்லவில்லை.

சொல்ல என்ன இருக்கிறது? உதயகலா என் மாமாவின் மகள், அம்மாவின் கூடப்பிறந்த தம்பி பெற்றவள், காணி வெளியே போகக்கூடாது என்று பெரியவர்கள் முடித்துவைத்த கலியாணம். குறிப்புப் பார்த்தார்கள், எட்டுப் பொருத்தம் என்றார்கள். என் கண்ணை யார் பார்த்தார்கள்? பொழுதுபட்டால் நான் வாசல் படலையில் இடிபடுவதை இரண்டு வீட்டாரும் கண்டவர்கள்தான், மாலைக்கண் என்று பொன்னாங்காணியை வறுத்துத் தந்தார்கள், வருஷக்கணக்காகத் தின்றேன்... பரம்பரை வருத்தம் என்கிறார் டொக்டர், முதலில் இரவுப் பார்வை போகும், பிறகு பக்கப் பார்வை, கடைசியில் நடுவும். சொந்தத்துக்குள் முடித்தால் பிள்ளைக்கும் வரலாம், மகளையும் ஒருக்கால் கூட்டிக்கொண்டு வாங்கோ என்று சொல்லி மூன்று மாதமாகிறது. மூன்று மாதமும் ஏதோ ஒரு சாட்டு. பள்ளிக்கூடச் சோதனை, கோயில் திருவிழா, மழை. பயந்தாங்கொள்ளி, வேறென்ன.

மகள் மதுரா பக்கத்தில்தான் இருக்கிறாள், ஒன்பது வயது, கடைக்கு வந்த புது மெஷினை வீட்டுக்குக் கொண்டுவந்து வயரெல்லாம் பூட்டியிருக்கிறேன், விளையாடிப் பார்த்தால்தானே சூடேறுகிறதா என்று தெரியும். என்ன வேகம், புல்லுக்கூட நிழல் போடுகிறது. திரையில் நடுப்பகல் வெளி, அதில் அவள் ஓடுகிறாள், எதிரியிடம் மூன்றாந்தரமும் சாகிறாள். "அப்பா, உவங்கள் அளாப்பிறாங்கள், ஒளிச்சிருந்து வாறாங்கள்." எங்கே ஒளிப்பது, ஒரு பற்றைகூட இல்லையே... கழுத்தைத் திருப்பிப் பார்த்தேன், இடப்பக்கத்தால் ஒருவன் பட்டப்பகலில் ஆறுதலாக நடந்துதான் வருகிறான். நான் கழுத்தைத் திருப்பாமல் காணமாட்டேன், சரி, அவள் ஏன்... திரைதான் பழுது. சில திரைகளில் விளிம்பு கொஞ்சம் மங்கலாகத்தான் இருக்கும், கடையில் எத்தனை பார்த்திருக்கிறேன். ஆட்டத்தை முதலில் இருந்து போட்டு வெளிச்சத்தை முழுதாகக் கூட்டினேன். "இப்ப இடக்கரையிலை நிக்கிறவன் தெரியிறானோ, பிள்ளை?" என்றேன். "ஓம் அப்பா," என்றாள், உடனேயே, சந்தோஷமாக, என் முகத்தைப் பார்த்துக்கொண்டு. நான் மறுபடி கழுத்தைத் திருப்பினேன். இடக்கரையில் ஒருவரும் நிற்கவில்லை.