ஊதாதக்கா

"சாவு வீட்டுல யாராச்சும் டிவி போடுவாங்களா, பிரமி?" என்று கனகராஜ் அறை வாசலில் நின்று மனைவியை அதட்டினான். பிரமிளா காதில் வாங்கவில்லை. கூடத்தில் அவள் தம்பி யுகேந்திரன் சவப்பெட்டியில் படுத்திருந்தான். அவனுடைய பழைய டிவியை மூடியிருந்த துணியை அவள் இழுத்துப் போட்டாள்.

ஜப்பான்காரனே செய்வதை விட்டு வருஷக்கணக்கான ஒரு கேம் மெஷினுக்கு, மலேசியாவில், ஈப்போ புந்தோங்கில் உட்கார்ந்துகொண்டு புதுப் புது விளையாட்டாகச் செய்த பைத்தியக்காரன் அவன். ஒசாகாவில் ஒரு கடை அவற்றை ஆசையாக வாங்கி விற்றது. எதைச் செய்தாலும் முதலில் அக்கா ஆடிப் பார்க்க வேண்டும். கடைசியாகச் செய்த கேம் கேசட்டை நீட்டிக்கொண்டே இருந்தான், அவளுக்குத்தான் ஒழியவில்லை. அப்போதே சொல்லியும் இருந்தான்:

"எஸ்டேட்டுல ரப்பர் பால் மரம் வெட்டுறப்ப அப்பாவ சாச்ச அதே நெஞ்சுக் கோளாறுதான்கா எனக்கும். பரம்பரையா வருமாம். நீயும் செக் பண்ணிரு."

"எனக்கு ஒண்ணும் இல்லலா, போடா."

அவன் செத்த பிறகுதான் அவளுக்குப் பயம் வந்தது.

"அவன் பொருள் அவனோட போவட்டும்மா" என்று சீனி சித்தப்பா பெட்டியில் வைக்கக் கேசட்டைக் கேட்டிருந்தார். எரிவதற்குள் ஒரு தடவையாவது ஆடிவிட வேண்டும்.

செருகினாள். திரை சாம்பலாக நின்றது. கேசட்டை உருவி, சின்ன வயதுப் பழக்கத்தில் ஊதினாள். "ஊதாதக்கா, எச்சி பட்டா கெட்டுப்போவும்" என்று கத்த அவன் இல்லை. மறுபடி ஊதினாள். மூச்சு முட்டியது. கட்டிலைப் பிடித்து உட்கார்ந்தாள். நெற்றியெல்லாம் வியர்வை. ராத்திரி முழுக்க அழுத களைப்பு என்று தனக்கே சொல்லிக்கொண்டாள்.

மறுபடி செருகினாள். இந்த முறை படம் வந்தது. அவர்கள் பிறந்த பீடோர் எஸ்டேட் லயம். வரிசையாக மூன்று வீடுகள், வாசலில் பெயர்கள். அப்பா வீடு இருட்டு. அடுத்தது அவனுடையது, அதையும் அணைத்து வைத்திருந்தான், படுபாவி. 'பிரமிளா' வீட்டில் மட்டும் விளக்கு நடுங்கி எரிந்தது. அவனைப் போலவே கண்ணாடி போட்ட குட்டி உருவம் ஒன்று அந்தக் கதவைத் தட்டிக்கொண்டிருந்தது.

பட்டனை அமுக்கினாள். கதவு திறக்கவில்லை. எதை அமுக்குவது என்று யாரைக் கேட்பாள்?

வெளியே மேளம் தொடங்கியது.

"பெட்டிய மூடப் போறாங்க பிரமி. கேசட்டக் குடு."

அவள் திரும்பவில்லை. ஒரு கை பட்டனில் இருந்தது. மறு கை சேலையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தது. விளக்கு இன்னும் கொஞ்சம் இறங்கியது. குட்டி உருவம் தட்டுவதை நிறுத்தவில்லை.