படித்துறைச் சாவி

"நோட்டுல எய்தினது நீதானே? போர்டுலயும் நீயே எய்து."

கஜபதி தகரப் பலகையைக் கொண்டுவந்து மகனுக்கு எதிரே சுவரில் சாத்தினார். பெயின்ட் டப்பாவையும் பிரஷ்ஷையும் அதன் கீழே வைத்தார். பரந்தாமன் இரண்டாவது தோசையில் கை வைத்திருந்தான். மூன்றாவதைக் கல்லில் அப்படியே விட்டுவிட்டு ஜெகதாம்பாள் சமையலறை வாசலுக்கு வந்து நின்றாள். அந்த வீட்டில் தோசை தீய்ந்தால் அப்பாவும் பிள்ளையும் முட்டிக்கொள்ளப் போகிறார்கள் என்று பொருள்.

"நைனா, அது மன்றத்துக்குன்னு எய்தி வச்சது. போர்டு வைக்க இல்ல."

"நோட்டுல இருந்தா நல்லது, போர்டுல இருந்தா கெட்டதா? குட்டைல துணி தொவைக்கக் கூடாது, சோப்பு போடக் கூடாது. நல்லாத்தானே எய்திக்கிறே. நான் ஒரு எயுத்து சேக்கல. வர்ற ஞாயித்துக்கெய்ம கரகம். பதினஞ்சு வருசம் கயிச்சு அம்மனுக்கு நம்ப குட்டைத் தண்ணி போவுது. கண்டவங்க அழுக்குத் துணிய அலசின தண்ணிய எடுத்துகினு போவ முடியுமா? இன்னைக்கே எய்து. கேட்டையும் பூட்டு."

அவர் ஒரு எழுத்துகூடச் சேர்க்கவில்லை என்பது உண்மை. பரந்தாமனைக் குத்தியதும் அதுதான்.

கள்ளிக்குப்பம் தாண்டி இருந்த அவர்கள் தெருவுக்கும் காலனிக்கும் நடுவில் கிடந்தது அந்தக் குட்டை. போன வருஷம் வரை அதற்குப் பெயர் சாக்கடைக் குட்டை. வெங்காயத்தாமரை, பிளாஸ்டிக் பைகள், லாரியில் வந்து ராத்திரியோடு ராத்திரியாகக் கொட்டிவிட்டுப் போகும் கம்பெனிக் கழிவு, வாரத்துக்கு ஒரு செத்த நாய். அம்மன் கோயிலுக்கே போர்வெல் தண்ணீரில்தான் கரகம் எடுத்தார்கள். அந்தக் காலத்தில் காலனிப் பெண்கள் ஒரு மூலையில் பாசியை ஒதுக்கித் துணி அலசினார்கள். யாரும் அவர்களை ஒரு வார்த்தை கேட்டதில்லை. நாறுகிற தண்ணீருக்கு எந்தச் சாதியும் சொந்தம் கொண்டாடுவதில்லை.

தொண்ணூற்று மூன்றின் கோடையில் தண்ணீர் லாரி நாலு நாளைக்கு ஒருமுறை வந்தது. தொழிற்பேட்டையில் ஒரு லேத் பட்டறையில் வேலை பார்த்த பரந்தாமன், பூமி சூடாகிக்கொண்டே வருகிறது என்று பத்திரிகையில் படித்துவிட்டு, தெருப் பையன்கள் பதினாலு பேரைச் சேர்த்து 'பசுமை இளைஞர் மன்றம்' ஆரம்பித்தான். முதல் வேலை, குட்டையைத் தூர் வாருவது. பதினாலு பேரால் ஆகிற காரியமா? பக்கத்து லேத்தில் வேலை பார்த்த காலனி நண்பன் ராஜசேகரனிடம் போய் நின்றான்.

"குட்டை எல்லாருக்கும் பொதுதானே சேகர், ஆள் கூட்டினு வாயேன்" என்றான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலனியிலிருந்து முப்பத்திரண்டு பேர் வந்தார்கள். பாதிப் பேர் பெண்கள். பதினோரு நாள் வேலை நடந்தது. யார் எங்கே நிற்பது என்று ஒருவரும் சொல்லவில்லை, சொல்லத் தேவையும் இருக்கவில்லை. தெருப் பையன்கள் தலையில் தொப்பியோடு கரையில் வரிசையாக நின்று கூடை மாற்றினார்கள். காலனிக்காரர்கள் இடுப்பளவு சேற்றில் நின்றார்கள். வேடிக்கை பார்க்க வந்த வாத்தியார் ஒருவர், "ஏன் தம்பி, இவங்க மட்டும் உள்ளே நிக்கிறாங்க?" என்று கேட்டபோது, "அவங்களுக்குப் பழக்கம் சார்" என்று பதில் சொன்னவன் பரந்தாமன்தான். சொல்லும்போது அது தப்பாகப் படவில்லை. அவன் கையில் வருகைப் பதிவு நோட்டு இருந்தது, காலில் சேறு இல்லை.

நாலாம் நாள் உடைந்த டியூப்லைட் கண்ணாடி ராஜசேகரனின் பாதத்தைக் கிழித்தது. ஏழு தையல். அதையும் பரந்தாமன் நோட்டில் சிவப்பு மையில் குறித்து வைத்தான்.

மழை பெய்தது, குட்டை நிறைந்தது, கரையில் இருபது வேப்பங்கன்றுகள் வேர் பிடித்தன. லாரி வராமல் இருக்க முள்கம்பி வேலி, படித்துறைக்கு ஒரு இரும்பு கேட். பரந்தாமன் உட்கார்ந்து எட்டு விதிகள் எழுதினான். துணி துவைக்கக் கூடாது என்ற ஐந்தாவது விதியில் அவனுக்குத் தனிப் பெருமை. சோப்பு நுரை மீனைக் கொல்லும் என்று படித்திருந்தான். அவன் வீட்டில் போர் இருந்தது, மோட்டார் இருந்தது, கொல்லையில் துவைக்கிற கல்லும் இருந்தது. காலனியில் நாற்பது வீட்டுக்கும் ஒரே ஒரு அடி பம்பு. அது அவன் நினைவுக்கே வரவில்லை. ராஜசேகரன்தான் கூட்டத்தில் எழுந்து, "கல்ல கரைக்கு மேல போட்டு, தொவைச்ச தண்ணிய வேப்பங்கன்னு பக்கம் உட்டா இன்னா?" என்று கேட்டான். பரந்தாமன் அதை நோட்டில் எழுதிக்கொண்டு, எதிரே 'பிறகு பார்க்கலாம்' என்று போட்டான்.

பிறகு பார்க்கவே இல்லை.

தோசையைப் பாதியில் விட்டுவிட்டு அவன் கை கழுவினான். அப்பாவை எதிர்த்து இரண்டு வார்த்தை பேசியிருக்கலாம். பட்டறைக்கு நேரமாகிவிட்டது என்று சைக்கிளை எடுத்திருக்கலாம். அவன் பிரஷ்ஷை எடுத்தான். பச்சைத் தரையில் வெள்ளை எழுத்து, அழகான கையெழுத்து. மழைக்குத் தாங்கட்டும் என்று இரண்டு கோட் அடித்தான். இரண்டாவது கோட்டை யாரும் அடிக்கச் சொல்லவில்லை.

அன்று சாயங்காலம் போர்டை கேட்டுக்குப் பக்கத்தில் நட்டு, பூட்டைப் போட்டு, சாவியை அவன் பையில் வைத்த நேரத்தில் வடிவு வந்தாள். ராஜசேகரனின் அக்கா. தலையில் துணி மூட்டை, இடுப்பில் ஒரு வாளி. பூட்டைப் பார்த்தாள், போர்டைப் பார்த்தாள். மூட்டையை இறக்கி வைத்தாள்.

"இரு தம்பி, படிச்சுப் பாக்கறேன்."

மன்றத்தின் சார்பில் காலனியில் மாலை வகுப்பு நடத்தி அவளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தவன் பரந்தாமன். முப்பத்தைந்து வயசில் 'அம்மா' என்று எழுதிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தவள் அவள்.

"கு...ட்டை...யில்... து...ணி..." விரலை வைத்து வைத்துப் படித்தாள். "து...வைக்க...க் கூடாது. சோ...ப்பு... போட...க் கூடாது. மீறி...னால்... கேட்... பூட்ட...ப்படும்."

ஒரு எழுத்துகூடப் பிசகவில்லை. அவன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான்.

"சரியாப் படிச்சனா?"

"சரிதான்க்கா."

"இது உன் கையெயுத்துதானே. கரும்பலகைல நீ போடற சுயி எனக்குத் தெரியாதா? அத்தப் பாத்துத்தானே நான் எய்தக் கத்துகினேன்." அவள் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் அவனுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். "பஸ்ஸு போர்டு படிக்கலாம், ரேசன் கார்டு படிக்கலாம்னு சொன்னே. இத்தப் படிக்கணும்னு சொல்லல."

மூட்டையைத் தலையில் தூக்கிக்கொண்டு அடி பம்புப் பக்கம் போனாள். அங்கே ஏற்கெனவே குடங்கள் தெரு முனை வரை வரிசையில் நின்றன.

மறுநாள் ஆடி வெள்ளி. பரந்தாமன் முதல் ஷிப்ட் முடிந்து வந்தபோது கேட் திறந்து கிடந்தது. தெருப் பெண்கள் இருபது பேர் மஞ்சள் பூசித் தண்ணீரில் இறங்கிக் குளித்துக்கொண்டிருந்தார்கள். படியில் சோப்புக் கட்டிகளும் ஷாம்பு பாக்கெட்டுகளும் கிடந்தன. அவனுடைய அம்மா, அவன் நட்ட போர்டுக்கு நேர் கீழே நின்று, விரதப் புடவையை அடித்துத் துவைத்துப் பிழிந்துகொண்டிருந்தாள். நுரை படிப்படியாக இறங்கித் தண்ணீரில் மிதந்தது.

"சாவிய யாரு எடுத்தது?"

"ஊட்ல ஆணிலதானே மாட்டி இருந்துது, நான்தான் எடுத்தேன். இந்தா, இந்தப் புடவைய அந்த வேலில காயப் போடு."

"அம்மா, போர்டுல இன்னா எய்திக்குதுன்னு பாத்தியா?"

ஜெகதாம்பாள் உண்மையாகவே புரியாமல் மகனைப் பார்த்தாள். "அது நமக்கா எய்தினது?"

ஊர் வம்பு பேசாதவள், பிச்சைக்காரனை வெறுங்கையோடு அனுப்பாதவள். அவள் வாயிலிருந்து அந்தக் கேள்வி அவ்வளவு சாதாரணமாக வந்தது. அப்பாவைத் திட்டிக்கொண்டே காலத்தை ஓட்டிவிடலாம் என்று இருந்தவனுக்கு அந்த வழியும் அடைந்துபோயிற்று. அந்த விதியை யாரும் தப்பாகப் பயன்படுத்தவில்லை. அது எதற்கு என்று அவனைத் தவிர எல்லோருக்கும் தெரிந்திருந்தது. புடவையை வாங்கி வேலியில் போட்டான்.

சனிக்கிழமை மத்தியானம் சாவியை எடுத்துக்கொண்டு காலனிக்குப் போனான். ராஜசேகரன் வாசலில் உட்கார்ந்து சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தான். இரண்டு நாளாகப் பட்டறையில் அவன் பரந்தாமனோடு பேசவில்லை. இப்போதும் நிமிரவில்லை. ஈரப் பாதத்தில் அந்த ஏழு தையல் தழும்பு வெள்ளையாகத் தெரிந்தது.

"சேகர், நான் பண்ணது தப்புதான். நாளைலேர்ந்து காலைல நானே வந்து கேட்டத் தொறந்து உடறேன்."

உள்ளேயிருந்து வடிவுதான் பதில் சொன்னாள். "நீ தொறந்தா, மூடறதும் நீதானே தம்பி?"

பரந்தாமன் சாவியை விரல்களுக்குள் மூடிக்கொண்டான்.

"உங்கப்பா ஒரு அதட்டு போட்டா மூடிடுவே. போர்டு எய்தினியே, அப்டித்தான். நீ நல்ல புள்ளதான், யாரு இல்லன்னா? ஆனா உன் நல்ல மனச நம்பி நாங்க அழுக்குத் துணிய வச்சிகினு குந்தி இருக்க முடியாது." அவள் வெளியே வந்து கையை நீட்டினாள். "சாவிய இங்க குடு."

பரந்தாமன் தயங்கினான். இந்த ஒரு நிமிஷத் தயக்கத்தை அவன் பிற்பாடு எத்தனையோ முறை நினைத்து வெட்கப்பட்டான். திறந்துவிடுகிறேன் என்று சொல்ல வந்தவனுக்கு, கொடுத்துவிடுவது என்பது தோன்றவே இல்லை. ராஜசேகரன் இப்போதுதான் நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்தான். பரந்தாமன் சாவியை வடிவின் கையில் வைத்தான். அவள் முந்தானையில் முடிந்துகொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை பம்பை, உடுக்கையோடு தெருவே குட்டைக் கரைக்கு வந்தது. பூசாரி தலையில் வேப்பிலை சுற்றிய வெறும் குடம். பத்தரைக்குள் தண்ணீர் மொள்ள வேண்டும். கஜபதி மஞ்சள் வேட்டியும் கையில் காப்புமாக கேட்டுக்கு முன்னால் நின்று கை நீட்டினார்.

"சாவி எங்கடா?"

"வடிவக்கா கைல கீது."

பம்பைச் சத்தத்தில் சரியாகக் கேட்கவில்லை போல அவர் மறுபடி கேட்டார். அவனும் மறுபடி சொன்னான்.

"ஓடிப் போய் வாங்கிகினு வா."

"நான் போமாட்டேன் நைனா. மன்றத்துச் சாவி இனிமே அங்கதான் இருக்கும். தொறக்கணும்னா அவங்களத்தான் கேக்கணும்."

கஜபதியின் முகம் கறுத்தது. "சுத்தியல் கொண்டாங்கடா" என்றார். ஜெகதாம்பாள் குறுக்கே வந்தாள். "காப்பு கட்டிகினு பூட்ட ஒடைக்கறதா? அம்மனுக்கு ஆவாது" என்றாள். பூசாரியும் தலையை ஆட்டினார். அந்த வழக்கத்தை மீற அங்கே ஒருவருக்கும் தைரியம் இல்லை.

கஜபதி காலனிப் பக்கம் நடந்தார். வழக்கமாக அவர் முனையில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிடுவார், ஆள் ஓடி வரும். அன்று கூப்பிட்டுப் பார்த்தார். அவர் ஏற்பாடு செய்த பம்பைதான் அவர் குரலை விழுங்கியது. கொஞ்ச நேரம் நின்றார். பிறகு, அறுபது வருஷத்தில் முதல் தடவையாக, உள்ளே போனார்.

அவர் திரும்பி வந்தபோது முன்னால் வடிவு நடந்து வந்தாள். தலையில் அதே துணி மூட்டை. பின்னாலேயே காலனிப் பெண்கள் நாலைந்து பேர். கூட்டம் ஒதுங்கி வழிவிட்டது. வாக்குவாதம் செய்ய நேரம் இல்லை, பத்தேகால் ஆகிவிட்டது. அவள் முந்தானை முடிச்சை அவிழ்த்துக் கேட்டைத் திறந்தாள். சாவியை மறுபடி முடிந்துகொண்டாள்.

"மொதல்ல அம்மனுக்கு எடுத்துக்கோங்க" என்றாள்.

கரகம் எடுத்துத் தெரு போயிற்று. கஜபதி மகனைத் திரும்பிப் பார்க்கவில்லை. அம்மா ஒரு தடவை பார்த்தாள்.

ராஜசேகரன் ஒரு பெரிய பாறாங்கல்லை உருட்டிக்கொண்டு வந்து வேப்பங்கன்றுகளுக்கு நடுவில் போட்டான். பெண்கள் வாளியில் தண்ணீர் மொண்டு கரைக்கு மேலே கொண்டுபோய் அதில் துவைத்தார்கள். அழுக்குத் தண்ணீர் கன்றுகளுக்கு ஓடியது. குட்டையில் ஒரு சொட்டு நுரை விழவில்லை. படித்துறையில் மட்டும் வெள்ளிக்கிழமை ஷாம்பு பாக்கெட்டுகள் ஒட்டிக்கொண்டு கிடந்தன.

பரந்தாமன் ஒரு டம்ளர் மண்ணெண்ணெயும் உப்புத்தாளும் கொண்டுவந்து போர்டுக்கு முன்னால் உட்கார்ந்து துணி துவைப்பது பற்றிய வரியைத் தேய்த்தான். பெயின்ட் லேசில் போகவில்லை. கை வலித்தது, விரல் தோல் உரிந்தது. ஒரு மணி நேரம் கழித்தும் அவன் எழுத்து அப்படியே படிக்கிற மாதிரி இருந்தது.

"போவ மாட்டேங்குதுக்கா" என்றான்.

வடிவு புடவையைக் கல்லில் ஓங்கி அடித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். "நாங்க பதினோரு நாள் சேறு வாரினோம் தம்பி. நீ தேய்."

அவன் மறுபடி தேய்க்க ஆரம்பித்தான்.