சலூன்காரனின் நெஞ்சு மாத்திரை

இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள், என் செல்லங்களே. ஒரு மாத்திரைக்குப் பெயர் மாற்றி வைத்ததால் ஓர் உயிர் ஊசலாடிய கதையைச் சொல்லப்போகிறேன். பயம் வந்தால் பக்கத்தில் இருப்பவர் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

ஒரு சலூன்காரன். முன்னால் கடை, பின்னால் வீடு, நடுவில் சுவர் என்று பார்த்தால் ஒரு திரைச்சீலைதான். வீட்டில் மனைவி, கணவனை இழந்த அக்கா, இன்னும் குப்புற விழத் தெரியாத பெண்குழந்தை. உள்ளே தும்மினால் கடையில் காத்திருப்பவர்கள் நூறாயுசு சொல்வார்கள். யாருக்கு வழுக்கை விழுகிறது, யார் திருட்டுத்தனமாகச் சாயம் பூசுகிறார் என்று ஊரின் கேலி முழுவதும் அவன் கத்திரிக்குப் பக்கத்தில்தான் பிறக்கும். அது எவ்வளவு தூரம் நடக்கும் என்பது அவனுக்குத் தெரியும்.

குழந்தைக்கு நுரையீரலுக்குப் போகும் ரத்தக்குழாய்கள் இறுகிக் கிடந்தன. பால் குடிக்கும்போதே உதட்டில் நீலம் பாயும். இதய மருத்துவரம்மா எழுதிக்கொடுத்த பெயரைப் படித்ததும் அவன் காது சிவந்துவிட்டது. சில்டெனாஃபில். ஆண்மைக்கென்று ஆண்கள் குரலைத் தணித்து, அக்கம்பக்கம் பார்த்துப் பேசும் அதே மாத்திரை.

"டாக்டரம்மா, இது பெரியவங்க சமாச்சாரம் இல்லீங்களா?"

அவர் சிரிக்கவில்லை. "இதை முதல்ல நெஞ்சுவலிக்குத்தான் சோதிச்சாங்க. அங்க எடுபடல, வேற எடத்துல பேர் வாங்கிடுச்சு. குழாயைத் தளர்த்தச் சொல்லி உடம்பு ஒரு சைகை அனுப்பும். அதைத் துண்டாக்குற நொதி ஒண்ணு இருக்கு, ஃபாஸ்ஃபோடைஎஸ்டரேஸ் அஞ்சுன்னு பேரு. இந்த மருந்து அந்த நொதியைத் தடுக்குற வகை. உங்க கத்திரியை ஒருத்தர் கெட்டியாப் புடிச்சுக்கிட்டா முடி வெட்ட முடியுமா? அந்த மாதிரி. சைகை நிலைச்சு நிக்கும், குழாய் விரியும். நுரையீரல்லயும் அந்த நொதி நெறைய இருக்கு. அதான் கொழந்தைக்கு." பேனாவை மூடியவர் நிமிர்ந்தார். "வீட்டுல நெஞ்சுவலிக்காரங்க யாராவது?"

"எங்கக்கா. நாக்குக்கு அடியில மாத்திரை வெச்சுக்குவாங்க."

"அது நைட்ரேட். அது சைகையைப் பெருக்கும், இது வெட்ட விடாது. ரெண்டும் ஒரே உடம்புல சேர்ந்தா ரத்த அழுத்தம் தடதடன்னு இறங்கி ஆளே போயிடலாம். மாறிடாமப் பாத்துக்குங்க."

பெரிதாகத் தலையாட்டினான். வீட்டுக்கு வந்து செய்தது என்ன தெரியுமா? அட்டையில் பெயர் கொட்டை எழுத்தில் இருக்கிறதே என்று மாத்திரைகளைப் பிதுக்கி ஒரு டப்பாவில் போட்டான். வெட்டிய முடியோடு அட்டையையும் வாரிக் குப்பையில் கொட்டினான். டப்பாவின் மேல் 'நெஞ்சு மாத்திரை' என்று எழுதி, அலமாரியின் மேல்தட்டில் வைத்தான்.

"அண்ணிகிட்டயாவது சொல்லிடலாங்க" என்றாள் மனைவி.

"அக்கா ரகசியம் பேசினாலே தெருமுனை வரைக்கும் கேக்கும். சும்மா இரு."

ஒரு நாள் மத்தியானம். நாற்காலியில் முகமெல்லாம் நுரையோடு மீசைக்காரர் சாய்ந்திருந்தார். பழைய பஸ் கண்டக்டர், கேலிக்குப் பேர்போனவர். பெஞ்சில் இன்னும் சிலர். திரைக்குப் பின்னாலிருந்து மனைவியின் குரல் அலறியது.

"என்னங்க! அண்ணிக்கு வலி வந்துடுச்சு!"

கத்தியைப் போட்டுவிட்டு ஓடினான். அக்கா சுவரில் சாய்ந்து, மார்பை அழுத்திக்கொண்டு, தெப்பலாக வியர்த்திருந்தாள். அவளுடைய மருந்துப் புட்டி காலியாக உருண்டு கிடந்தது. மடியில் அந்த டப்பா, திறந்தபடி.

"அக்கா, இதுலேருந்தா எடுத்த?"

"ரெண்டு முழுங்கினேன்டா. என்னுது தீந்துபோச்சு. நெஞ்சு மாத்திரைன்னு நீதானே எழுதியிருக்க... எனக்குத்தான் வாங்கி வெச்சிருக்கேன்னு..."

அதற்குள் மீசைக்காரர் நுரை வழிய உள்ளே வந்துவிட்டார். சட்டைப்பையில் எப்போதும் வைத்திருக்கும் தன் நெஞ்சுவலி மாத்திரையைக் கையில் எடுத்திருந்தார். "நகருய்யா. வாயைத் தொறம்மா, நாக்குக்கு அடியில வெச்சுக்க. இப்ப சரியாப்போயிடும்."

அக்கா வாயைத் திறந்தாள். சலூன்காரன் பாய்ந்து அவர் மணிக்கட்டைப் பிடித்தான்.

"வேணாங்க!"

"என்னய்யா வேணாம்? கூடப் பொறந்தவ துடிக்கிறா, என்கிட்ட மல்லுக்கு நிக்கிறியே!"

"அவங்க வேற மாத்திரை போட்டிருக்காங்க."

"என்ன மாத்திரை?"

திரையை விலக்கிக்கொண்டு பெஞ்சுக்காரர்களின் தலைகள் எட்டிப் பார்த்தன. அவன் குரலைத் தணித்தான். "நெஞ்சு மாத்திரைங்க..."

"இதுவும் அதானேய்யா!" அவர் கையை உதறிக்கொண்டார். மாத்திரை அக்காவின் கீழுதட்டைத் தொட்டுவிட்டது.

"சில்டெனாஃபில்!" என்று கத்தினான். "அக்கா முழுங்கினது சில்டெனாஃபில்! இதையும் வெச்சா செத்துருவா!"

திரைக்குப் பின்னால் ஒருவன் களுக்கென்று சிரித்தான். "அடேங்கப்பா, கடைக்காரரே!"

"வாயை மூடுறா!" என்று சீறினார் மீசைக்காரர். மாத்திரையை வெடுக்கென்று இழுத்து முஷ்டிக்குள் மூடிக்கொண்டார். நுரைக்குள் முகம் வெளுத்திருந்தது. "ரெண்டும் சேரவே கூடாதுன்னு எங்க டாக்டரும் என்கிட்ட தலைதலையா அடிச்சுக்கிட்டாரு. நல்லவேளை சொன்ன. வண்டியக் கூப்புடு, ஓடு!"

ஆம்புலன்ஸ்காரர் அக்காவைப் பார்த்ததும் நாக்கடியில் அடிக்கும் நைட்ரேட் மருந்தைத்தான் எடுத்தார். அவர் வாயைத் திறக்கும் முன்பே சலூன்காரன் பெயரைச் சொன்னான், எத்தனை மாத்திரை, எப்போது, எல்லாம் சொன்னான். வாசலில் தெருவே கூடி நின்றது. அவன் குரல் தணியவில்லை.

ஆஸ்பத்திரியில் பிராணவாயு வைத்து, வலிக்கு வேறு ஊசி போட்டார்கள். மறுநாள்வரை நைட்ரேட் பக்கமே போகக் கூடாது என்று கட்டிலின் தலைமாட்டில் எழுதித் தொங்கவிட்டார்கள். ரத்த அழுத்தக் கருவி கையை இறுக்கித் தளர்த்தும்போதெல்லாம் அவன் எண்ணைப் பார்த்தான். இறங்கியது. இன்னும் இறங்கியது. நர்ஸ் கட்டிலின் கால்பக்கத்தை உயர்த்தி, சலைன் சொட்டை வேகப்படுத்தினார். அடுத்த முறை அதே இடத்தில் நின்றது. அதற்கடுத்த முறை ஏறியது.

சாயங்காலம் அக்கா கண் திறந்தாள்.

"ஏன்டா... அந்த மாத்திரையையா முழுங்கிட்டேன்? இந்த வயசுல?"

"சிரிக்காதக்கா. கொழந்தை மூச்சுக்கு எழுதிக்குடுத்தது."

"அதை என்கிட்ட சொல்ல என்னடா வெக்கம்? ஒனக்குக் குண்டி கழுவிவிட்டவடா நான்."

பக்கத்துக் கட்டில்காரர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அவன் போர்வையை இழுத்து அவள் கால்வரை மூடிவிட்டு, அங்கேயே உட்கார்ந்து விசும்பி விசும்பி அழுதான்.

அவ்வளவுதான் கண்ணுகளா. உங்கள் வீட்டில் எந்த நெஞ்சும் அடைக்காமல் இருக்கட்டும், எந்தப் பிஞ்சும் மூச்சுக்குத் திணறாமல் வளரட்டும். சொல்ல வேண்டிய வேளையில் உங்கள் வீட்டார் யாருக்கும் நாக்குக் கூசாமல் இருக்கட்டும்.