எறிந்துவிட்டேன் என்று சொன்ன நண்டுகள்

எங்கள் வீட்டில் நண்டு தின்பதில்லை. தண்ணீரிலும் தரையிலும் உயிர் வாழ்வது நமக்கு ஆகாது என்று வாப்பா சொல்லக் கேட்டு வளர்ந்தவள் நான். முத்தலிப்பைக் கலியாணம் செய்த பிறகும் நண்டு எனக்குத் தூண்டில் இரை மட்டும்தான். கடல் வற்றும் நேரம் கற்பாரில், பாறை இடுக்குகளில் பிடித்து வருவார். கொல்லையில் கிடந்த வாயுடைந்த பானைக்குள் போட்டு ஈரச்சாக்கால் மூடிவைப்பேன். பின்னேரம் தோணி இறங்குமுன் ஓட்டைப் பிளந்து, காலைக் கழற்றி, கால் இருந்த குழி வழியே தூண்டிலை ஏற்றுவார். கலவாய் மீன் அதற்குத்தான் மயங்கும்.

எந்த நண்டு எப்படிப்பட்டது என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. சட்டிக்கு வராத ஒன்றைப் பற்றி எதற்கு விசாரிப்பது?

அன்று காலை தங்கரத்தினம் வந்தாள். கட்டைபறிச்சானில் படிப்பிக்கும் குலசிங்கம் மாஸ்டரின் மனைவி. மூதூர் ஆசுபத்திரியின் நீள மர வாங்கிலில் பக்கத்தில் இருந்து இருந்து சிநேகமானவள். இரண்டு பிள்ளைகள் வயிற்றிலேயே கலைந்துபோய், இது மூன்றாவது. நாலு மாதம்.

"எதை வாயில வைச்சாலும் புரட்டுது, அசனா. நண்டு ஒண்டுதான் தின்ன ஆசையாக் கிடக்கு. அந்த மனிசன் கொண்டுவந்து தாறது கருவாடு."

"நண்டா? எங்கட பானைக்குள்ள கூத்தாடுது. மீனுக்குப் போடுறதுதான்."

"அப்ப இண்டைக்கு மீனிட பங்கை நான் தின்னுறன்," என்று சிரித்தாள்.

தூண்டில் நனையுமுன் இரைப்பானையிலிருந்து எதையும் வெளியே கொடுக்கக் கூடாது என்பது முத்தலிப் வீட்டு வழமை. கொடுத்தால் கடல் அன்று கையை விரித்துவிடுமாம். ஐந்தாறு குறைந்தால் அவருக்குத் தெரியவா போகிறது என்று நினைத்தேன். சாம்பல் நிற நண்டுகளை அவளுடைய பன்பைக்குள் போட்டேன். மேலே, பார்க்க வடிவாக இருந்த இரண்டை வைத்தேன். செங்காவி நிறம், சீத்தைத் துணிபோல் பூப்பூவாக, நகங்கள் மட்டும் கறுப்பு. பரிசு கொடுப்பதானால் வடிவானதைக் கொடுக்க வேண்டாமா? தம்பலகாமத்தில் பிறந்து வளர்ந்து, வயல் நண்டைத் தவிர வேறு நண்டு அறியாத அவளும் வடிவைத்தான் பார்த்தாள்.

உலையில் அரிசி போட்டுக்கொண்டிருந்தபோது முத்தலிப் கொல்லையிலிருந்து கேட்டார்.

"இதுக்குள்ள செவப்பா ரெண்டு கிடந்திச்சே புள்ள, எங்க?"

"அதா? எறிஞ்சிட்டன்." நாக்கு என்னைக் கேட்காமலே சொல்லிவிட்டது.

"நல்ல வேல. நானும் எறியத்தான் இருந்தன், மத்ததோட சேந்து வந்திட்டுது. போன வருசம் அடுத்த வளவு முனாப்ட நாய் இதில ஒண்டக் கவ்விச்சு. கால் நாலும் இழுத்து, ஒரு மணித்தியாலத்தில முடிஞ்சிட்டுது. அவிச்சாலும் அந்த நஞ்சு போகாது. கைய நல்லாக் கழுவினயா?"

"ஓம்."

'குடுத்திட்டன்' என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். சைக்கிள் வேலியோடு சாத்தியபடிதான் இருந்தது. நான் சொல்லவில்லை. அடுப்புக்கு முன்னால் இருந்து விறகைத் தள்ளினேன்.

எதற்குப் பயந்தேன்? அவர் கை நீட்டுகிற மனிதர் இல்லை. பொய் சொன்னேன் என்று அறிந்ததும் அவர் முகம் மாறப்போகும் விதத்துக்குப் பயந்தேன். பிறகு ஊருக்கு: அசனா நஞ்சு கொடுத்தாள். பிறகு, எல்லாவற்றுக்கும் அடியில், ஒரு நினைப்பு. ஒன்றும் நடக்காவிட்டால் யாருக்கும் தெரியத் தேவையில்லை. அந்த நினைப்பு துஆ போல வேடம் போட்டுக்கொண்டு வந்தது. யா அல்லாஹ், அவள் அதைத் தின்னக் கூடாது. அதைச் சொல்லியபடியே இருந்தேன், எழும்பவில்லை. கொதி வந்தது, அடங்கியது. சோற்றை வடித்தேன். ஆவி முகத்தில் அடித்தபோது, அவளும் இப்போது ஒரு சட்டியைத் திறந்து குனிந்திருப்பாள் என்று உறைத்தது.

அகப்பை கையோடு கொல்லைக்கு ஓடினேன். "இஞ்ச பாருங்க, நான் எறியல்ல. தங்கரத்தினத்துக்குக் குடுத்தனான்."

பாதி பிளந்த நண்டு அவர் கையில் இருந்தது. எழும்பிச் சைக்கிளை எடுத்தார். "பின்னால ஏறு. என்னை அவ கண்டதில்ல. நான் சொன்னா நம்பமாட்டா."

ஒருநாளும் சைக்கிளில் ஏறாதவள் நான். முக்காட்டைப் பல்லால் கடித்துக்கொண்டு, அவருடைய பெனியனைப் பிடித்தபடி இருந்தேன். கட்டைபறிச்சான் பாலத்துப் பலகைகள் தடதடத்தன.

அந்த வீட்டில் சத்தமே இல்லை. முருங்கையிலை போட்ட நண்டுக்கறி வாசம் மட்டும் படலைவரை வந்தது. குசினிக்குள் அவள் சுவரில் சாய்ந்து இருந்தாள்.

"என்ன அசனா, பின்னாலேயே வந்திட்டீங்கள்? அவர் இன்னும் வரேல்லை. அவர் வராமல் எப்பிடிச் சாப்பிடுறது எண்டு வாயூறிக்கொண்டு இருக்கிறன்."

"சாப்பிடல்லயா?"

"உப்புப் பாத்தனான், அவ்வளவுதான். மிளகாய் கூடிட்டுது போல. சொண்டு விறைச்சுக் கிடக்கு," என்று உதட்டைத் தடவினாள்.

வாசலில் நின்ற முத்தலிப் மாட்டு வண்டி தேடி ஓடினார். நான் சட்டியைத் தூக்கிக்கொண்டு போய்க் குழி தோண்டிக் கொட்டினேன். அவளிடம் விசயத்தைச் சொன்னேன். இரண்டு கைகளாலும் வயிற்றை மூடிக்கொண்டாள்.

ஆசுபத்திரியில் வைத்தியம் பார்க்கும் அப்போதிக்கரி ஐயா உப்புத்தண்ணீர் கொடுத்து அவளைச் சத்தியெடுக்க வைத்தார். "விறைப்பு கைகாலுக்கு இறங்கினா உடன சொல்லுங்கோ," என்று வாங்கிலில் இருத்தினார். அதே வாங்கில். நான் அவளுடைய விரல் நுனிகளை மாறி மாறிக் கிள்ளினேன்.

"இது தெரியுதா?"

"தெரியுது."

"இது?"

"ம்."

ஒருமுறை பதில் வரப் பிந்தியது. இன்னும் அழுத்திக் கிள்ளினேன். அவள் ஏதோ யோசனையில் இருந்திருக்கிறாள்.

பின்னேரம் அசர் பாங்கு சொன்னபோது அவள் கீழ்ச்சொண்டைக் கடித்துப் பார்த்தாள். "நோகுது, அசனா." ரத்தம் பொட்டாகத் தெரிந்தது. அப்போதிக்கரி ஐயா நாடி பிடித்துவிட்டு, ஆபத்து விலகிவிட்டது, ஆனாலும் இன்றைக்கு இங்கேயே படுக்கட்டும் என்று சொல்லிப் போனார்.

அவள் என் கையைத் தன் மடியில் வைத்துப் பிடித்தாள். "நல்லகாலம் ஓடி வந்தீங்கள். இது நஞ்செண்டு எப்ப அறிஞ்சனீங்கள்?"

முத்தலிப் வெளியே மரத்தடியில் நின்றார், அவருக்குக் கேட்காது. 'அறிஞ்ச உடன வந்தனாங்கள்' என்பது நாக்கு நுனியில் தயாராக இருந்தது, காலையில் 'எறிஞ்சிட்டன்' இருந்தது போலவே.

"அரிசி உலையில போட்ட நேரம்," என்றேன். "வடிச்ச பிறகுதான் அவரிட்டச் சொன்னனான்."

சோறு வேக எவ்வளவு நேரம் செல்லும் என்று அவளுக்குத் தெரியும். என் கையை வாங்கிலில் வைத்துவிட்டு, தன் கையை எடுத்து வயிற்றின்மேல் வைத்துக்கொண்டாள்.