மணி இருமுறை அடித்தால்

பின்கொட்டகையில் மணி ஒருமுறை அடித்தால் காப்பி. இருமுறை அடித்தால் குழந்தை. சுரங்கத்து ஃபோர்மேன் சண்முகசுந்தரம், தம் குவார்ட்டர்ஸ் கூடத்திலிருந்து மின்கம்பி இழுத்து அந்த மணியைப் பொருத்தியிருந்தார். கொட்டகைக்கு வாடகை இல்லை. ஈடாக அங்கே குடியிருந்த அன்புக்கரசி அவர் வீட்டு வேலை முழுவதையும் செய்தாள். அவள் கணவன் பழனிவேலுக்குச் சுரங்கத்தில் காண்ட்ராக்ட் வேலை வாங்கித் தந்தவரும் அவரே. ஆகவே அந்த மணிக்கு மறுப்புச் சொல்லும் துணிவு அக்குடும்பத்தில் எவருக்கும் இருந்ததில்லை.

அவர்களுடைய மகள் வளர்மதிக்கு நான்கு வயது முடிந்துவிட்டது. ககரம் வர வேண்டிய இடத்திலெல்லாம் அவள் வாயில் தகரமே வந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் சண்முகசுந்தரத்தின் நண்பர்கள் கூடுவார்கள். மணி இருமுறை அடிக்கும்.

"எங்க, கோழிக்குஞ்சு சொல்லு பாப்போம்!"

"தோழித்துஞ்சு."

கூடம் அதிரும். பட்டம் பெற்றவர்கள், பதவியில் இருப்பவர்கள், ஒரு பச்சைக் குழந்தையின் நாக்கை வேடிக்கைப் பொருளாக்கிச் சிரித்தார்கள். சிரித்து முடித்துப் பிஸ்கட்டும் தந்தார்கள்; பிறகு அவர்களைக் கொடியவர்கள் என்று எவர் சொல்லக்கூடும்?

அன்புக்கரசியும் தன் பங்குக்கு வசம்பைச் சுட்டு மகளின் நாக்கில் தேய்த்துப் பார்த்தாள். குழந்தை எரிச்சலில் அழுததே தவிர, ககரம் வரவில்லை. கடைசியாகக் கடலூருக்குப் பேருந்து ஏறி, மருத்துவமனையில் பேச்சுப் பயிற்சி அளிக்கும் புவனாவிடம் காட்டினாள்.

"நாக்குல ஒரு குறையும் இல்லைங்க. நாக்கோட பின்பக்கம் எழும்பணும். பாப்பா நுனிய எழுப்புறா. தண்ணிய வாயில வெச்சு அண்ணாந்து கொப்புளிக்கிற விளையாட்டு சொல்லித் தரேன், பயிற்சியில சரியாயிடும். ஆனா சொல்லச் சொல்லி யாரும் சிரிக்கக் கூடாது. சிரிச்சா பேச்சையே விட்டுடுவா. வீட்டுல அப்படி யாராவது உண்டா?"

"யாரும் இல்லிங்க," என்று அன்புக்கரசி பொய் சொன்னாள்.

அதற்குள் குழந்தை பாதி ஊமையாகியிருந்தது. பசித்தால் தட்டைக் காட்டும். தாகமெடுத்தால் குடத்தைக் காட்டும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மணி இருமுறை அடித்தது. வளர்மதி கட்டிலுக்கடியில் புகுந்துகொண்டாள்.

"அனுப்பிச்சு வுடேன், அரசி," என்றான் பழனிவேல். "ரெண்டு நிமிஷம் சிரிச்சிக்கினு இருந்துட்டு வுட்டுடுவாங்க."

"பேச்சே போயிடும்னு அந்தம்மா சொன்னாங்க இல்ல?"

"வூடு போயிட்டா? குள்ளஞ்சாவடியில உங்க அண்ணன் வூட்டு மாட்டுக் கொட்டாயில போயி படுத்துக்கலாமா?"

அவள் தனியாகக் கூடத்துக்குப் போனாள்.

"பாப்பா வரலிங்க, சார்."

"ஏன், காய்ச்சலா?"

ஆமாம் என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் அதே மணி அடிக்குமே என்ற எண்ணம் அவள் வாயைத் திறந்தது.

"இல்லிங்க. இனிமே வர மாட்டா. கொழந்தய பேசச் சொல்லி சிரிக்காதீங்க, சார்."

"அட, ஒரு தமாஷுக்குத்தானம்மா! எங்க வீட்டுப் பிள்ள மாதிரி அது."

நண்பரொருவர் தொடையைத் தட்டினார். "என்ன சண்முகம், பின்னாடி கொட்டகையில ஒரு வக்கீலம்மாவையில்லா குடிவெச்சிருக்கீரு!"

எல்லாரும் சிரித்தார்கள். சண்முகசுந்தரம் மட்டும் சிரிக்கவில்லை. "நீ போம்மா," என்றார் மென்மையாக. அந்த மென்மைதான் அவளை நடுங்க வைத்தது.

அவள் வந்து சொன்னதும் பழனிவேல் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான். நாளைக்கு ஷிப்ட் உண்டா இல்லையா என்பதே அவனுக்கு இப்போது தெரியவில்லை.

"முடிச்சிட்டியா? இப்ப திருப்தியா?"

அப்போது கட்டிலுக்கடியிலிருந்து ஒரு குரல் கேட்டது.

"அவந்த போயிட்டாந்தளா, அம்மா?"

எத்தனையோ நாளைக்குப் பிறகு குழந்தை பேசிய முதல் முழு வாக்கியம் அது. அன்புக்கரசி குனிந்தாள். திருத்தவில்லை, திரும்பச் சொல் என்று கேட்கவுமில்லை.

"இன்னும் போகல, கண்ணு. அங்கதான் இருக்காங்க," என்று ஒவ்வொரு சொல்லையும் நிதானமாக, தெளிவாகச் சொன்னாள்.

மணி மீண்டும் அடித்தது, இருமுறை. குழந்தை கட்டிலின் ஓரத்திலிருந்து காலை உள்ளே இழுத்துக்கொண்டது.

பழனிவேல் எழுந்தான். அன்புக்கரசி கட்டிலை மறைத்து நின்றாள். அவன் அவளை நோக்கி வரவில்லை. கதவை உட்புறமாகத் தாழிட்டு, அதிலேயே முதுகைச் சாய்த்து உட்கார்ந்தான். மணி அடித்துக்கொண்டே இருந்தது.