ஆளை மறைக்கும் புல்

மதுரையிலிருந்து காலை பஸ்ஸில் மலையேறி வந்த சுவாமிநாதன், வீட்டுக்குள் வந்த பிறகும் மஃப்ளரைக் கழற்றவில்லை. பரமானந்தத்தின் மனைவி லீமா மொழிபெயர்த்த வங்க நாவலை இரண்டு வருஷத்துக்கு முன்னால் வெளியிட்டவர் அவர். புத்தகம் அச்சாகி வந்தபோது லீமா உயிரோடு இல்லை. இப்போது இரண்டாம் பதிப்பு போடப்போவதைச் சொல்லிவிட்டுப் போக வந்ததாகச் சொன்னார். ஆனால் பையிலிருந்து முதலில் வெளியே வந்தது நாவலுக்கு மதிப்புரை வந்த ஒரு பத்திரிகை.

"கோவிச்சுக்காம கேக்கணும் சார்" என்று பரமானந்தத்திடம் சொல்லிவிட்டு வாசித்தார்.

"'முழங்கால் உயரத் தருப்பைக்குள் ஒரு பெண் நின்றுகொண்டே ஊரார் கண்ணுக்குத் தப்புகிறாள். மொழிபெயர்த்த அம்மையார் வங்காளத்தை வரைபடத்திலாவது பார்த்திருக்கலாம்.'"

காப்பி கொண்டுவந்த அருள்மேரி டம்ளரை ஓங்கி வைத்தாள். லீமாவின் தங்கை. பக்கத்துத் தெருவில் இருந்தாள். அக்கா போன பிறகு இந்த வீட்டு அடுப்பையும் அவள்தான் பார்த்துக்கொண்டாள்.

"வரைபடமா? எங்க அக்கா ஆறு வருஷம் கல்கத்தா ஆஸ்பத்திரியில நர்ஸா இருந்தவங்க. இத எழுதுன ஆளு வைகைப் பாலத்தத் தாண்டியிருப்பானா?"

"எனக்குத் தெரியாதாம்மா? ஆனா நாலு பேரு இதயே கேட்டு லெட்டர் போட்டுட்டாங்க. புதுப் பதிப்புல திருத்திட்டு ஒரு வரி போட்டுட்டா முடிஞ்சது." சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். "'மொழிபெயர்ப்பாளரின் கவனக்குறைவால் நேர்ந்த பிழை இப்பதிப்பில் திருத்தப்பட்டுள்ளது.' சார் ஒரு கையெழுத்துப் போட்டா போதும்."

பரமானந்தம் தாளை வாங்கிக்கொண்டார். கண்ணாடி உள்ளறையில் இருக்கிறது என்று எழுந்து போனார். கண்ணாடி சட்டைப் பையிலேயே இருந்தது.

முப்பது வருஷம் மிஷன் பள்ளியின் தாவர அறையைப் பார்த்துக்கொண்டவர் அவர். பழைய பாதிரிமார்கள் மலை முழுக்க அலைந்து சேர்த்த செடிகள், உலர்த்தித் தாளில் ஒட்டி, ஒரு பெரிய பீரோவில் அடுக்கியிருந்தன. லீமா நாவலை மொழிபெயர்த்த இரண்டு வருஷமும் ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு அவர்களுக்கு அதுதான் சோலி. அவள் வங்கப் பெயரைச் சொல்வாள். அவர் கல்கத்தாவில் அச்சான ஒரு பழைய மூலிகைப் பட்டியலில் தேடி லத்தீன் பெயரைப் பிடிப்பார். மறுநாள் பீரோவில் அதன் தாளை எடுத்துப் பார்த்த பிறகுதான் தமிழ்ப் பெயர் சொல்வார். ஷியூலி பவழமல்லியானது அப்படித்தான். ஷிமுல் இலவமானதும், சாத்திம் ஏழிலைப்பாலையானதும் அப்படித்தான். தாள் இல்லாத செடிக்குப் பெயர் இல்லை என்பது அவருடைய சட்டம். அந்தப் பீரோவில் இருந்ததெல்லாம் மேல்மலையிலும் மலைச்சரிவிலும் விளைந்தவை. ஆற்றங்கரைச் செடி ஒன்றுகூட அதில் இல்லை என்பது அப்போது அவருக்கு உறைக்கவில்லை.

காஷ் என்ற புல்லிடம் வந்து மாட்டிக்கொண்டார்கள். பட்டியலில் புல் வகையே கிடையாது.

"ஆத்தங்கரையில நிக்குங்க. மழை விட்டதும் வெள்ளை வெளேர்னு பூக்கும். அதப் பாத்துட்டா துர்கா பூஜை வந்துருச்சும்பாங்க" என்றாள் லீமா.

அவர் பீரோவில் தேடி, வெள்ளைப் பூவோடு இருந்த தருப்பைத் தாளை எடுத்து வந்தார். லீமா ரொம்ப நேரம் பார்த்தாள்.

"பூ இந்த மாதிரிதாங்க. ஆனா உசரம்? நான் உள்ள நடந்துருக்கேன். பக்கத்துல வர்ற ஆளு தெரியாது."

"நீ அங்க போனதும் டைபாய்டுல கெடந்தேன்னு சொன்னேல்ல? காய்ச்சக்காரிக்குக் கோரைகூடத் தென்னைமரந்தான்."

லீமா சிரித்தாள். "சரிங்க. பீரோவே சொன்ன பெறகு நர்ஸம்மா பேச்சு எடுபடுமா?"

மேல்மலை ஊர்களான கூக்காலிலும் பூம்பாறையிலும் காற்றில் படுத்தே வளரும் புல்லைப் பார்த்துப் பழகிய கண் அவருக்கு. புல் ஆளை மறைக்கும் என்பதை அந்தக் கண் ஒப்புக்கொள்ளவில்லை. அவர் தருப்பை என்றார், அவள் தருப்பை என்று எழுதினாள். முன்னுரையிலும் மறக்காமல் எழுதினாள்: 'இதில் வரும் செடி கொடி எல்லாவற்றையும் எனக்குக் காட்டித் தந்தவர் என் கணவர். அவர் சரி என்று சொல்லாத ஒரு பெயரும் இதில் இல்லை.'

கையில் சுவாமிநாதனின் தாளோடு அவர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார்.

இதோடு முடிந்திருந்தால் அறியாமல் செய்த பிழை என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் எண்பத்தோராம் வருஷம் அக்டோபரில், வயிற்றுக் கட்டிக்காக லீமாவை மதுரைக்குக் கூட்டிப் போனார். சோழவந்தான் வழியாகப் போன பஸ். அவள் அவர் தோளில் சாய்ந்து தூங்கினாள். ஜன்னலுக்கு வெளியே வைகை. மணல் திட்டு நெடுகிலும் வெள்ளைப் பூக்கள் ஆடின. ஒருவன் தலையில் கட்டோடு அந்தப் புல்லுக்குள் இறங்கினான். முதலில் ஆள் மறைந்தான். பிறகு கட்டும் மறைந்தது.

நாணல். ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த பெயர்.

எழுப்பினால் ஜன்னலைப் பார்ப்பாள். பிறகு அவரைப் பார்ப்பாள். பிறகு சிரிப்பாள். நோயாளி தூங்கட்டும் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டார். பஸ் ஆற்றை விட்டு விலகியது. புத்தகம் அப்போது அச்சுக்கூடத்தில்தான் இருந்தது. ஒரு கார்டு போட்டிருந்தால் போதும். ஆஸ்பத்திரியில் இருந்த மூன்று வாரமும் நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டார். கடைசி வாரத்தில்கூட அவள், "தருப்பைப் பக்கம் நல்லா வந்துருக்குல்லங்க?" என்று கேட்டாள். "ரொம்ப நல்லா வந்துருக்கு" என்றார்.

"அத்தான்" என்று அருள்மேரி வெளியிலிருந்து கூப்பிட்டாள். "அவரு வெரசா பஸ்ஸப் பிடிக்கணுமாம். கையெழுத்துப் போட்டீங்களா, இல்ல கிழிச்சுப் போட்டீங்களா?"

அவர் வெளியே வந்தார். தாளை மேஜைமேல் வைத்தார்.

"இது லீமா செஞ்ச தப்பில்ல. அவ சரியாத்தான் சொன்னா. நாந்தான் மறுத்தேன்."

சுவாமிநாதன் முகம் தெளிந்தது. "அவ்வளவுதானே சார்? 'தவறான தகவலால்'னு மாத்திருவோம். யார் தகவல்னு எவன் கேக்கப் போறான்?"

"இன்னும் இருக்கு" என்றார் பரமானந்தம். பஸ், வைகை, ஆஸ்பத்திரி எல்லாவற்றையும் நின்றுகொண்டே சொன்னார். சொல்லி முடிக்கும்வரை அருள்மேரியின் பக்கம் திரும்பவில்லை.

அவள் டம்ளர்களை எடுத்தாள், திரும்பவும் கீழே வைத்தாள்.

"எழுப்பியிருக்கலாம்ல அத்தான். ஆறு வருஷம் இருந்துட்டு வந்து அந்த ஊரு, அந்த ஊருன்னே பேசுனவ. ஒரு தடவ பாத்துட்டுப் போயிருப்பால்ல."

சிரிப்புக்குப் பயந்ததைப் பற்றியே இத்தனை நாள் வெட்கப்பட்டவருக்கு இது தோன்றியதே இல்லை. சுவாமிநாதன் பக்கம் திரும்பினார்.

"என் பேரப் போட்டே எழுதுங்க. பிழை பரமானந்தத்துது. அச்சாகுறதுக்கு முன்னாடியே தெரிஞ்சும் சொல்லல. இந்த ரெண்டும் வரணும்."

"புத்தகத்துல பாவசங்கீர்த்தனமா சார்?" சுவாமிநாதன் மெல்லச் சிரிக்கப் பார்த்து நிறுத்திக்கொண்டார். "மொதலாவதப் போடுறேன். ரெண்டாவது எதுக்குங்க? யாருக்கு என்ன லாபம்?"

"மொதலாவத மட்டும் போட்டா நான் நல்லவனாயிருவேன்."

அருள்மேரி அதற்குள் அலமாரியிலிருந்து லீமாவின் கையெழுத்து நோட்டுகளை இறக்கிக்கொண்டு வந்தாள். நாவலின் முதல் வரைவு. ஐந்தாவது நோட்டில் அந்தப் பெண் ஒளியும் பக்கத்தைக் கண்டுபிடித்துவிட்டாள். லீமாவின் சின்ன எழுத்தில் 'நாணல்' என்று இருந்தது. அதன்மேல் சிவப்புப் பென்சில் கோடு. மேலே அவருடைய எழுத்தில் 'தருப்பை.'

கோடு போட்டதாகவே அவருக்கு நினைவில்லை.

அருள்மேரி பக்கங்களைப் புரட்டினாள். ஐந்து பக்கத்துக்கு ஒன்று, மூன்று பக்கத்துக்கு ஒன்று, சிவப்புக் கோடுகள் வந்துகொண்டே இருந்தன.

"இதெல்லாம்?"

"தெரியலம்மா."

"சார்" என்றார் சுவாமிநாதன், கடிகாரத்தைப் பார்த்தபடி. "பதிப்பு அடுத்த மாசம். ஒரு சொல்லுக்குத்தான் நான் வந்தது."

"ரெண்டு மாசம் குடுங்க. ஆத்தங்கரைக்குப் போகணும். அவ எழுதுன ஒவ்வொண்ணையும் போய்ப் பாக்கணும்."

"ரெண்டு மாசமெல்லாம் தாங்காதுங்க. ஒண்ணு." சுவாமிநாதன் எழுந்து பையை மாட்டிக்கொண்டார். தன் தாளை எடுத்துப் பின்பக்கம் திருப்பி, பேனாவைத் திறந்து அவரிடம் நீட்டினார். "நீங்க சொன்ன ரெண்டையும் உங்க கையாலயே எழுதிக் குடுங்க. எனக்கு எழுத வரல."

பரமானந்தம் எழுதினார். பஸ்ஸிலிருந்து நாணலைப் பார்த்ததையும் இரண்டாவதில் சேர்த்தார். இரண்டாவது வாக்கியத்தை அருள்மேரி தோளுக்கு மேலாகப் படித்துவிட்டு, "'தூங்கினாள்'னு வேணாம்" என்றாள். "'எழுப்பவில்லை'ன்னு போடுங்க."

அவர் அடித்துவிட்டு அப்படியே எழுதினார்.