முப்பது மாத்திரை

டாக்டர் யோகேஸ்வரி கேட்டதற்கெல்லாம் செந்தூர்பாண்டி நல்ல பிள்ளையாகப் பதில் சொன்னார். ஈசிஜி எடுத்தாயிற்று, பழுதில்லை. கண் அழுத்தம் கிடையாது. வலிப்பு வந்ததில்லை. வேறு மாத்திரையோ குடியோ இல்லை.

"இது மனச்சோர்வுக்குக் குடுக்கிற டிரைசைக்ளிக் வகை மாத்திரை. படுக்கப் போறப்ப ஒண்ணு. தூக்கம் அசத்தும், கொஞ்ச நாளைக்குப் பட்டாசு வேலைக்குப் போகாதீக. அளவு மீறுனா இதயமே நின்னுரும். அதனால வேற ஆள்தான் இதைக் கையில வச்சு எடுத்துக் குடுக்கணும். வீட்ல யாரு இருக்காக?"

"மகன் இருக்கான், டாக்டரம்மா."

பொய். மனைவி செல்லத்தாய் போய்ச் சேர்ந்து ஒன்பது மாதம். மகன் தருண்குமார் ஓசூரில். ஞாயிற்றுக்கிழமை மூன்று நிமிடம் போனில் பேசுவான். எனக்கு யாருமில்லை என்று வாய்விட்டுச் சொல்லக் கௌரவம் விட்டால்தானே!

"சாகணும்னு தோணுதா?"

"சேச்சே."

அதுவும் பொய்தான்.

நாரணாபுரத்து வீட்டில் முப்பது மாத்திரையையும் டிவி பக்கத்தில் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார். டிவியைப் போடவில்லை. பார்வை மாத்திரையை விட்டு நகர மறுத்தது. பயந்து போனார்.

இருபத்திரண்டு வருடமாகப் பட்டாசுக் கம்பெனி போர்மேன் அவர். அன்றைய வேலைக்கு மேல் ஒரு கை வெடிக்கலவை ரூமில் கிடந்தால் ஊரைக் கூட்டிவிடுவார். "ஏலே, மிச்சத்த வச்சுக்கிட்டு உக்காந்திருக்க? வெளிய கொண்டு போலே!" எத்தனை பேர் அவரிடம் திட்டு வாங்கியிருப்பார்கள்! இப்போது அவர் ரூமில் ஒரு மாதத்துச் சரக்கு. திட்டுவதற்குத்தான் ஆளில்லை.

சட்டையை மாட்டி, மாத்திரையை எடுத்துக்கொண்டு அடுத்த பஸ்ஸிலேயே விருதுநகர் ஆஸ்பத்திரிக்குத் திரும்பினார். டாக்டர் கிளம்பிக்கொண்டிருந்தார்.

"வீட்ல யாருமில்ல டாக்டரம்மா. நீங்க கேட்டீகளே, அதுவும் தோணுது. இதை வாங்கிக்கோங்க."

டாக்டர் மாத்திரையை வாங்கி வைத்துக்கொண்டார். திட்டவில்லை. "உக்காருங்க. உங்க போன்ல மகனைக் கூப்பிடுங்க."

"இன்னைக்கு புதன்கிழமை. அவன் ஞாயித்துக்கிழமதான் பேசுவான்."

"கூப்பிடுங்க."

இரண்டாவது மணியிலேயே எடுத்தான். "அப்பா? என்னப்பா, இந்நேரம்?"

ஒன்றுமில்லை, சும்மாதான் என்பது வழக்கம். அதைச் சொல்லத்தான் வாயெடுத்தார்.

"ஏலே, கிளம்பி வாலே," என்றார்.